கரும்பலகையில் பேசியவர்கள்

நான் அந்த வகுப்புக்குள் நுழைந்த முதல் நாள் கரும்பலகையில் தேதி இல்லை, பாடத்தின் பெயர் இல்லை. இடப்பக்க மூலையில் ‘பேசியவர்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, கோணாமல் அடிக்கோடு போட்டு, அதன்கீழே வகுப்பில் பாதிப் பேருடைய பெயர் இருந்தது. எழுதியவள் லீடர். நான்காம் வகுப்புதான் படிக்கிறாள் என்றாலும், அவள் சாக்பீஸைப் பிடித்திருந்த தோரணையைப் பார்த்தால் நாளைக்கே கலெக்டராகி நாலு பேரை சஸ்பெண்ட் செய்துவிடுவாள் போல இருந்தது.

“டீச்சர், இவங்கல்லாம் பேசினாங்க.”

“அப்படியா, என்ன பேசினாங்க?”

லீடர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அவளிடம் எந்த டீச்சரும் கேட்டதில்லை. பேசியது குற்றம், அவ்வளவுதான். என்ன பேசினார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தால் தண்டனை கொடுக்க நேரம் எங்கே இருக்கும்?

பள்ளிக்கூடம் கேரளத் தலைநகரில், சாலை பஜாருக்குப் பின்னால் இருந்தது. மலையாளப் பிரிவு பெரியது. அதன் ஓரத்தில் தமிழ்ப் பிரிவு ஒட்டிக்கொண்டிருந்தது. துணிக்கடை, பலசரக்கு மொத்தக்கடை, தம்பானூர் ஹோட்டல்களின் சமையற்கட்டு என்று வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் எங்கள் மாணவர்கள். நான் உள்ளூர்தான், கரமனைக்காரி. ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு ஐ.டி. கம்பெனியில் உட்கார்ந்திருந்தேன். குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் செயலி ஒன்றை அங்கே தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த காலம் முழுக்க ஒரு குழந்தையைக்கூட நான் பார்த்ததில்லை. அதனால் குழந்தைகளைப் பற்றி எனக்கு மிகத் தெளிவான கருத்துகள் இருந்தன. பிரசவ விடுப்பில் போன ஒரு டீச்சரின் இடம் காலியானது என்று கேள்விப்பட்டதும் ஓடி வந்துவிட்டேன்.

என் கொள்கை இதுதான். பேச வராத குழந்தைக்கு எழுத வராது, கேட்க வராத குழந்தைக்கு வாசிக்க வராது. வாயும் காதும் முதலில், புத்தகம் அதற்குப் பிறகு. இதை ஒரு மஞ்சள் தாளில் எழுதி என் மேஜைக்கு மேலே ஒட்டிவைத்திருந்தேன். நானே எழுதியது என்பதால் அதன்மேல் எனக்குத் தனி மரியாதை.

முதல் சீர்திருத்தமாக, பேசியவர்களுக்கு இனிமேல் அடி கிடையாது, ஒரு நட்சத்திரம் என்று அறிவித்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் லீடர் தன் பெயரையே முதலில் எழுதிவைத்திருந்தாள்.

இரண்டாவது, ஜோடிப் பேச்சு. ஒருவர் பேச வேண்டும், மற்றவர் குறுக்கே பேசாமல் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்புக்கும் பக்கத்து வகுப்புக்கும் நடுவே இருந்தது வெறும் பிளைவுட் தட்டி. அதுவும் ஆள் உயரம்தான், மேலே திறந்த வெளி. அந்தப் பக்கம் மூத்த தமிழ் சார் ஐந்தாம் வகுப்பு எடுப்பார். “நேத்து வீட்டுல என்ன குழம்பு?” என்று நான் இந்தப் பக்கம் கேட்டால் அந்தப் பக்கத்திலிருந்து “மீன் குழம்பு டீச்சர்!” என்று பதில் வரும். என் முறையில் கேட்டல் திறன் அபாரமாக வளர்ந்துகொண்டிருந்தது; வளர்ந்த இடம்தான் தட்டிக்கு அப்பால்.

சார் இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“டீச்சரே, ஒண்ணு சொன்னா வெஷமம் தோணப்பிடாது, வருத்தப்படப்பிடாது. பிள்ளைகள் நல்ல தமிழைக் கேக்கணும், அல்லே? குழம்பைப் பத்திப் பேசினா பின்னே இலக்கணம் எவிடே இருந்து வரும்? இந்தப் பஹளத்துல, சத்தத்துல, எனக்குப் பாடம் எடுக்கவே பற்றலை.”

தூய தமிழைக் காப்பாற்றுவதற்காக அவர் எப்போதும் இப்படிப் பாதி மலையாளத்தில்தான் வருந்துவார்.

எங்கள் எச்.எம். மலையாளி. நல்லவர். வராந்தாவில் நடந்துகொண்டே, எந்த வகுப்பில் சத்தமே இல்லையோ அந்த வகுப்பில் படிப்பு நடக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். சத்தம் கேட்டால் வாசலில் வந்து நிற்பார். திட்ட மாட்டார். “சும்மா ஒந்நு நோக்கான் வந்ததா” என்பார். சும்மா பார்க்க வந்தாராம். அந்த ‘சும்மா’வைக் கேட்டதும் மொத்த வகுப்பும் வாயைப் பொத்திக்கொள்ளும். நானும்தான்.

பெற்றோர்கள் வேறு வகை. ஒரு அம்மா கேட்டிலேயே என்னை மடக்கினார். “டீச்சர், இவன் வாயைக் கொஞ்சம் கொறைக்கத்தான ஸ்கூலுக்கு அனுப்புதோம்? இங்க வந்து கூட்டி அனுப்புறீங்களே!”

நான் அசரவில்லை. மூன்றாவது சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தேன்: வீட்டுப்பாடத்தை எழுத வேண்டாம், பேசினால் போதும். அன்றைக்குப் பார்த்த ஏதாவது ஒன்றைப் பற்றிக் குழந்தை தன் சொந்த வார்த்தையில் பேச, பெற்றோர் வாட்ஸ்அப்பில் அதை வாய்ஸ் மெசேஜாக அனுப்ப வேண்டும். வந்து குவிந்தன. எல்லாமே “என் பெயர்…” என்று தொடங்கின. ஒவ்வொன்றின் பின்னாலும் இன்னொரு குரல் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தது: “மாடு நமக்குப் பால் தரும்… சொல்லு… பால் தரும்னு சொல்லு, ஏட்டி!” ஒரு பையனின் அப்பா தன் அசல் குரலிலேயே முழுக்கப் பேசி, கடைசியில் “இப்படிக்கு உங்கள் மகன்” என்று முடித்திருந்தார்.

இவ்வளவு மெசேஜையும் எப்படிக் கேட்பது? கம்பெனியில் மீட்டிங் பதிவுகளை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கும் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. அதே பழக்கத்தில், பஸ்ஸில் போய்க்கொண்டே எல்லாக் குழந்தைகளையும் இரட்டை வேகத்தில் கேட்டேன். முதல் சில விநாடிகள் போதும், ஆள் தெரிந்துவிடும், அடுத்ததற்குத் தாவிவிடுவேன். கேட்டல் திறன் டீச்சர்!

இந்தக் கூட்டத்தில் சத்தமே போடாத ஒருத்தி இருந்தாள். ஜன்னலோர பெஞ்சு. வகுப்பே சேர்ந்து ராகம் போட்டு வாசிக்கும்போது அவளும் உதட்டை அசைப்பாள். பார்த்தால் வாசிப்பது போலவே இருக்கும். தனியாக எழுப்பி நிறுத்தினால் ஒரு எழுத்தைச் சொல்வாள், அடுத்த எழுத்தைச் சொல்வாள், பிறகு பிளைவுட் தட்டியைப் பார்ப்பாள். மணி அடிக்கும்வரை பார்ப்பாள். ஜோடிப் பேச்சிலும் அவள் எப்போதும் கேட்கிற ஆள்தான். அவள் பெயர் ஒரு நாளும் போர்டில் ஏறியதில்லை.

அவள் அம்மா சாலை பஜாரில் ஒரு துணிக்கடையில் சேல்ஸில் இருந்தார். தென்காசிப் பக்கம். கடை யூனிஃபார்ம் சேலையோடு ஒரு நாள் மத்தியானம் வந்து, நேரே விஷயத்துக்கு வந்தார்.

“டீச்சர், நாலாவது வந்துட்டா, அவ அப்பா ஓட்டல் போர்டக்கூட வாசிக்கத் தெரியல. எங்க அண்ணன் ஊர்ல ஆஸ்டல் ஸ்கூல்ல எடம் சொல்லி வச்சிருக்காவ. கிறிஸ்மஸ் பரிச்சைக்குள்ள வாசிச்சான்னா பாப்போம். இல்லன்னா டீசி வாங்கிட்டு அங்க கொண்டுபோய் விட்டுருவேன்.”

“அக்கா, அவளுக்குப் போக இஷ்டமா?”

“அவ எங்க வாயத் தொறக்கா, இஷ்டத்தச் சொல்லதுக்கு?”

மகள் பக்கத்தில் நின்று அம்மாவின் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி ஒரு சின்ன உருண்டையாக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் லீடர் என்னிடம் வந்து ரிப்போர்ட் கொடுத்தாள். “டீச்சர், அவ நேத்து ஆஸ்டலுக்குப் போகமாட்டேன்னு பெஞ்சுல தலைய வச்சு அழுதா. அதுக்கப்புறம் ஒண்ணுமே பேசல. அதனால எழுதல.”

எனக்கு வேகம் வந்துவிட்டது. அட்டையில் படங்கள் வரைந்தேன். பொம்மை மைக் ஒன்று வாங்கினேன். அதை அவள் கையில் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவளிடம் நீட்டிவிடுவாள். அவளை எப்படிப் பேசவைப்பது என்பதைப் பற்றி அவளிடமே நான் ஓயாமல் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் புதுக் கைபேசி வாங்கினேன். என் அவசரம் அதற்கு இன்னும் பழகவில்லை. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி உட்கார்ந்து, வந்திருந்த மெசேஜைத் தட்டினால், அவளுடைய அம்மாவின் குரல் சாதாரண மனிதர்கள் பேசும் வேகத்தில் வந்தது. அதை மாற்ற எங்கே அழுத்துவது என்று தேடிக்கொண்டிருந்ததில் முழுவதையும் கேட்டுவிட்டேன்.

“டீச்சர், நல்லாருக்கீங்களா? இன்னைக்கும் இவ வீட்டுப்பாடம் பேச மாட்டேக்கா டீச்சர். கடைக்குத்தான் கூட்டியாந்திருக்கேன். என்னத்தக் கேட்டாலும் வாயத் தொறந்தாத்தான…”

அந்தக் குரலுக்குப் பின்னால், துணி உதறும் சத்தத்துக்கு நடுவே, இன்னொரு குரல் கணீரென்று கேட்டது. “சாயம் போகாது சேச்சி. போனாலும் நல்ல கலராத்தான் போகும்!”

அந்தச் சேச்சி, யாரோ ஒரு மலையாள அக்கா, சிரித்தார். அம்மா தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்: “ஊமையாட்டம் இருக்கா டீச்சர். எனக்குக் கவலையா இருக்கு.” பின்குரல்: “அத விடுங்க சேச்சி, இந்த நீலத்தப் பாருங்க. உங்க நிறத்துக்கு இதுதான்.”

வீட்டுக்குப் போய் அவருடைய பழைய மெசேஜ்களை எல்லாம் நிதானமாக ஓடவிட்டேன். எல்லாவற்றிலும் அம்மா முன்னால் நின்று மகள் பேசுவதில்லை என்று புகார் சொல்கிறார். மகள் பின்னால் நின்று கடையையே நடத்திக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். படமும் இல்லை, மைக்கும் இல்லை.

“அந்த நீலச் சேலையைச் சேச்சி வாங்கினாங்களா, இல்லையா?”

திருட்டைக் கண்டுபிடித்துவிட்டது போல என்னைப் பார்த்தாள். “வாங்கல.”

நான் வாயை மூடிக்கொண்டேன். ஆசிரியர் பயிற்சியில் யாரும் சொல்லித்தராத வேலை அது. ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நல்ல நல்ல கேள்வியாக நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்றது. அவள் தட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தானாகவே ஆரம்பித்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் போர்டில் எழுதினேன். ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

‘ஒரு சேச்சி வந்தா. எல்லா பண்டிலையும் எறக்கச் சொன்னா. பச்சை காட்டுனோம். வேண்டாம். நீலம் காட்டுனோம். வேண்டாம். மஞ்சள் காட்டுனோம். அது வீட்டுல இருக்கு, வேண்டாம். சாயம் போகுமான்னு கேட்டா. போனாலும் நல்ல கலராத்தான் போகும்னு நான் சொன்னேன். கடைசியில, சும்மா ஒந்நு நோக்கான் வந்ததான்னு சொல்லிட்டு, ஒரு கவர் மட்டும் கேட்டு வாங்கிட்டுப் போனா.’

வகுப்பு முழுக்கச் சத்தமே இல்லை. எச்.எம். பார்த்திருந்தால் படிப்பு நடக்கிறது என்று நினைத்திருப்பார். உண்மையில் நடக்கவும் செய்தது.

“இப்போ நீயே வாசி,” என்றேன். அவள் எழுந்து, தன் வார்த்தைகளின்மேல் குச்சியை வைத்துக்கொண்டு போனாள். திக்கினாள், ஆனால் நிற்கவில்லை. சேச்சி விடைபெறும் வரிக்கு வந்தபோது வாசலில் எச்.எம். நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு அமைதியைக் கண்டு சந்தேகப்பட்டு வந்திருக்க வேண்டும்.

“சும்மா ஒந்நு நோக்கான் வந்ததா,” என்றார்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. தட்டிக்கு அந்தப் பக்கமும் சிரித்தார்கள். எச்.எம். ஒன்றும் புரியாமல் உள்ளே வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு போர்டை மேலிருந்து கீழே ஒரு முறை வாசித்தார். அவருக்குத் தமிழ் வாசிக்க நன்றாகவே தெரியும். சாலை பஜாரில் அவர் எந்தத் துணிக்கடைக்குப் போவார், அங்கேயும் சும்மா பார்க்கத்தான் போவாரா என்பது எனக்குத் தெரியாது.

“ஆ சேச்சிக்கு வேறே பணியில்லே?” என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

தமிழ் சார் இடைவேளையில் வந்தார். போர்டைப் பார்த்த முகத்தில் துக்க வீட்டு வாசலில் நிற்கும் களை.

“டீச்சரே, பண்டில், கவர், நோக்கான்… இது எந்து தமிழ்? போகட்டும். அவ வாசிக்கலை கேட்டேளா. சொன்னதை ஓர்மையில வெச்சுண்டு சொல்றா. அவ்வளவேயுள்ளு.”

எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. அதனால் மறுநாள் வரிகளைக் கலைத்துப்போட்டு எழுதினேன். மஞ்சள் முதலில், பச்சை கடைசியில். அவள் முறைத்தாள், “டீச்சர், தப்பா எழுதியிருக்கீங்க, மஞ்சள் முதல்ல காட்டல” என்று சண்டைக்கு வந்தாள். மாறிப்போனது தெரிகிறதென்றால் வாசிக்கிறாள் என்றுதானே அர்த்தம்! இதைத் தட்டியைத் தாண்டிக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

அதன்பிறகு நாள்தோறும் கொஞ்சம் கடை, கொஞ்சம் பாடப்புத்தகம். ஒரு நாள் அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு வரியில் ‘வேண்டாம்’ என்ற சொல்லில் விரல் இருந்தது. “டீச்சர், இதுலயும் அந்தச் சேச்சி இருக்கா!” என்றாள். அப்புறம் புத்தகம் முழுக்கத் தெரிந்த ஆட்களைத் தேட ஆரம்பித்தாள். மின்னல் வேகத்தில் வாசித்தாள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். மேடு ஏறும் ஆட்டோ மாதிரி இரைந்துகொண்டு போவாள். ஆனால் மேலே போய்ச் சேர்ந்துவிடுவாள்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால், கடைசிப் பீரியடில் அவள் அம்மா வந்து நின்றார். வகுப்பு ஜோடிப் பேச்சில் இருந்தது. லீடர் போர்டுப் பக்கம் டியூட்டியில் இருந்தாள். நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கி மாதக்கணக்காகியும் தலைப்பை மாற்ற அவள் சம்மதிக்கவில்லை.

“டீசி கேட்டு எழுதிக் குடுக்கலாம்னு வந்தேன் டீச்சர். அண்ணன் ஆஸ்டல்ல பேசி முடிச்சுட்டாவ.”

“பரீட்சை இன்னும் வரலையே, அக்கா. ஒரு தடவை கேட்டுட்டுப் போங்க.”

அவள் அன்றைய பாடத்தை விரித்து அம்மாவுக்கு முன்னால் நின்று வாசித்தாள். அம்மா பழக்க தோஷத்தில் கைபேசியை நீட்டிப் பதிவு செய்துகொண்டே, அவள் தயங்கிய இடத்தில் எல்லாம் உதட்டை அசைத்து எடுத்துக்கொடுக்கப் பார்த்தார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பக்கம் முடிந்தது. அம்மா பதிவை நிறுத்த மறந்து நின்றார்.

“வாசிக்காளே,” என்றார் என்னிடம், யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வது போல. சட்டென்று முகம் மாறியது. “ஐயோ, அப்போ அண்ணன்ட்ட யாரு சொல்லுதது? அவுக நாலு பேரப் புடிச்சு எடம் வாங்கியிருக்காவ. நான் வேண்டாம்னு சொன்னா என்னைய வஞ்சே கொன்னுருவாவ.”

“நான் பேசறேன்,” என்றேன். மனதுக்குள் குறிப்புகள் தயார். முதல் குறிப்பு, தாய்மொழிச் சூழல்.

அவள் அம்மாவின் கையிலிருந்து கைபேசியை வாங்கிக்கொண்டாள். மாமாவுக்குத் தானே போட்டாள். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்கள்.

“மாமா, நான்தான்.”

“யாரு? நீயா? நீயா பேசுத?” மாமாவின் குரல் வகுப்பை நிறைத்தது. ஜோடிப் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது.

“மாமா, நான் ஆஸ்டலுக்கு வரல.”

“ஏன்?”

அவள் ஒரு கணம் யோசித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. “முன்னேற்றம் தெரியுதுன்னு சொல்லு… முன்னேற்றம்…” என்று கிசுகிசுத்தேன். மாடு பால் தரும் என்று வாய்ஸ் மெசேஜில் எடுத்துக்கொடுத்த அம்மாவின் அதே குரல். அவள் கையை உயர்த்தி என்னை அடக்கினாள்.

“எனக்கு இங்கதான் இருக்கணும். அம்மா கடையில நான் இல்லன்னா சேச்சிமார்கிட்ட யாரு பேசுவா? அப்புறம், எனக்கு வாசிக்க வந்துட்டு.”

“இதெல்லாம் யாரு சொல்லித்தந்தா? ஒங்க டீச்சரா?”

“டீச்சர் வேற என்னமோ சொல்லுதா. நான் அதச் சொல்லல.”

மாமா சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. “வாசிக்க வந்துட்டோ? எங்க, ஏதாவது வாசி. பாடம் வேண்டாம், அத மனப்பாடம் பண்ணிருப்ப. எதுக்க என்ன எழுதியிருக்கோ அத வாசி.”

அவள் திரும்பினாள். எதிரே கரும்பலகை. லீடர் அப்போதுதான் எதையோ எழுதி முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“பே… சி… யவர்கள்,” என்று அவள் தொடங்கினாள். அடுத்து ஒவ்வொரு பெயராக, தவறு இல்லாமல். கடைசிப் பெயரில் நின்றாள். சாக்பீஸ் தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்த அந்தப் பெயரையும் வாசித்தாள். அது அவளுடையது.

“ஒன் பேரா? ஒன் பேர எதுக்கு எழுதிருக்காவ? என்னட்டி செஞ்ச?”

“பேசினேன் மாமா.”

அந்த முனையில் லாரி ஒன்று இரைந்துகொண்டு போக, அதற்கு மேல் மாமா கத்தினார். “சரி. ஆஸ்டல்ல நான் வேண்டாம்னு சொல்லிருதேன். பொங்கலுக்கு வரும்போது பேப்பர் வாசிச்சுக் காட்டணும், பாத்துக்க. அம்மாட்ட குடு.”

“அம்மா அழுதுட்டு இருக்கா. அப்புறம் பேசுவா,” என்று சொல்லி அவளே வைத்துவிட்டாள்.

தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பெஞ்சுகூடக் கிறீச்சிடவில்லை. ஐந்தாம் வகுப்பு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. அப்போது தட்டிக்கு மேலாக, தொண்டையைச் செருமிக்கொண்டு, தமிழ் சாரின் குரல் வந்தது.

“டீச்சரே, லாரி சத்தத்துல சரிக்குக் கேக்கலை. பின்னே மாமா என்ன சொன்னார்?”

“போக வேண்டாம்னு சொல்லிட்டாரு சார்!” என்று வகுப்பே சேர்ந்து கத்தியது.

லீடர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு, சாரின் பெயரை எங்கள் போர்டில் எழுதுவதா, அவர்கள் போர்டில் எழுதுவதா என்று கேட்டு என்னைப் பார்த்தாள்.